தவிட்டுக்கு வாங்கிய குப்பு

“என்ன ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கிக்கினாங்க. உன்ன இன்னா குடுத்து வாங்குனாங்க மிஸ்?”

கேட்டவளுக்கு ஆறு வயது இருக்கும். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடம். சாம்பார் கொதிக்கும் வாசனை. எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் ஒரு பொட்டு மூக்குத்தி, காது இரண்டும் மூளி. மூக்கைக் குத்திவிட்டுக் காதை விட்டுவைத்த பெண் குழந்தையை நான் அதுவரை பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் தன்ஷிகா. அப்படிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருப்பாள். குப்பு என்றால்தான் திரும்புவாள்.

குழந்தைகளிடம் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். குழந்தை திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

“எனக்குத் தெரியலையே குப்பு” என்றேன்.

“உங்கம்மாவாண்ட கேட்டுக்கினு வா” என்றாள், என் மேல் இரக்கப்பட்டு.

நடந்தது இதுதான். வகுப்பு டீச்சர் ஒருநாள் எல்லோரையும் எழுந்து நின்று தங்களைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் எங்கப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்றான். ஒரு பெண் எங்கள் வீட்டில் பெரிய ஃபிரிட்ஜ் இருக்கிறது என்றாள். குப்பு எழுந்து, எங்கம்மா என்னைத் தவிடு கொடுத்து வாங்கினார்கள் என்றாள். அதற்குப் பிறகு எழுந்த எவன் பெருமையும் எடுபடவில்லை. சாயங்காலம் பாதி வகுப்பு வீட்டுக்குப் போய், என்னை என்ன விலைக்கு வாங்கினாய் என்று அம்மாக்களை நச்சரித்திருக்கிறது.

டீச்சர் நல்லவர், விஷயத்தைச் சிரித்துக் கடத்திவிடாதவர். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். குழந்தையை விலைக்கு வாங்கியதாகப் புகார். அது சுற்றிச் சுற்றி, வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பிள்ளை பிடிக்கிறவள்

போன வாரம் என் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் நீங்கள் போலீஸா?” என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. போலீஸாக இருந்தால் ஜீப்பாவது கொடுத்திருப்பார்கள்.

ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் எழுதிக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். குழந்தை எங்கே இருக்கலாம் என்பதைக் குழுதான் தீர்மானிக்கும். நான் தீர்மானிக்கிறவள் இல்லை. ஆனால் தீர்மானிக்கிறவர்கள் என் எழுத்தைத்தான் முதலில் படிப்பார்கள். அதனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை அடித்து எழுதுவேன்.

எங்கள் வீடு பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில். நான் சோறு சாப்பிட அடம்பிடித்த காலத்தில் அம்மா, “பிள்ளை பிடிக்கிறவன் வரான், உன்னத் தூக்கிக் குடுத்துடுவேன்” என்று மிரட்டுவாள். அவன் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் பின்னால் சாக்குப்பையோடு நிற்கிறான் என்று நான் சத்தியமாக நம்பினேன். அந்தக் கடைப்பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு டியூஷனுக்குப் போன பெண் நான்.

அந்தப் பெண்ணுக்கே இப்படி ஒரு உத்தியோகம். விசாரணைக்காகச் சில தெருக்களில் இரண்டாம் முறை நுழைந்தால், வாசலில் நிற்கும் பெண்கள் பிள்ளைகளைப் பார்த்து, “அடங்குடா, தோ பாரு, புள்ள புடிக்கிறவ வந்துட்டா” என்பார்கள். முதல் தடவை கேட்டபோது கோபம் வந்தது. அப்புறம், அவர்கள் சொல்வதில் என்ன தப்பு என்று குழப்பம் வந்தது. கோபமே தேவலாம் என்று தோன்றியது.

அபிராமபுரத்தில் உருண்ட குழந்தை

குப்புவின் கதைக்குள் போவதற்கு முன், நான் மூக்குடைபட்ட ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி அசட்டையாகச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன் என்பது புரியாது.

சேர்ந்த புதிதில் அபிராமபுரத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. மூன்றாவது மாடியிலிருந்து யாரோ எடுத்தது. கீழே காவலாளியின் வீட்டு முற்றத்தில் இரண்டு பெண்கள் ஒரு சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருக்கிறார்கள். நடுவே ஒரு கைக்குழந்தை. இப்படித் தூக்கினால் அந்தப் பக்கம் உருள்கிறது, அப்படித் தூக்கினால் இந்தப் பக்கம். குழந்தை வீறிட்டு அழுகிறது. கீழே ஒரு வரி: சித்திரவதை, உடனே வரவும்.

சட்டப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது. கழுத்துப் பிசகிக்கொண்டு பால் குடிக்காமல் அழுததாம். சேலையில் போட்டு உருட்டி எடுத்துவிட்டார்கள், இப்போது தூங்குகிறது. சேலை பிடித்த அம்மாள் ஒருவர் எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, “நீயும் கழுத்தக் கோணலா வெச்சிருக்கியேம்மா, சுளுக்கா?” என்று கேட்டார்.

எங்கள் அலுவலர் மனோகர் சார் அந்தக் கதையை ஆபீஸ் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் காலையில் உள்ளே நுழைந்தாலே, “என்னம்மா, இன்னைக்கு யாரை உருட்டினாங்க?” என்பார்.

அதனால் தவிடு என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குள் ஒரு மேதாவி எழுந்து உட்கார்ந்தாள். பிறக்கிற குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். அல்லது அக்கம்பக்கத்தில் ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்று, அடையாளமாக மூக்கைக் குத்திவிடுவார்கள். இவ்வளவு மலிவான குழந்தை நமக்கு எதற்கு என்று சாவு திரும்பிப் போய்விடுமாம். நம்மூரில் இத்தனை குப்புசாமிகளும் பிச்சைகளும் வந்த வழி இதுதான். விற்ற கையோடு, இல்லாவிட்டால் காது குத்தும்போது, பெற்றவள் எதையாவது கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்வாள். சடங்கு முடிந்தது. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? ஒரு மதியத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

குப்புவை யாரும் திருப்பி வாங்கவே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

“வாங்குனவ”

குப்பு அம்மா என்று சொல்லும் கோட்டீஸ்வரி சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவர். அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் செதில் சீவும் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் இல்லை, குழந்தை பிறக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை, வெளியே பொதுக் குழாய்.

“குந்து மேடம். கை நாத்தம் அடிக்கும், கண்டுக்காத” என்று பிளாஸ்டிக் முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

அறையில் என் கண் போன இடமெல்லாம் குப்பு. கொடியில் அவள் சீருடை. சுவரில் அவள் கிறுக்கிய மீன்கள், எல்லாவற்றுக்கும் கண்ணிமை. ஜன்னலில், சின்னத் துணிப்பையில், மூச்சுத் திணறல் வந்தால் உறிஞ்சுகிற மருந்து. அந்தப் பை கைக்கு எட்டுகிற உயரத்தில், விளக்கு வெளிச்சம் படுகிற இடத்தில் மாட்டியிருந்தது.

“குப்பு உங்க குழந்தையாக்கா?”

“ஆமா. வாங்குனது.”

“யார்கிட்ட?”

“ரேவதியாண்ட. அப்போ ஆத்தோரமா இருந்தோம். எங்க குடிசைக்கு எதுத்தாப்புல அவ. ரெண்டு பெத்தா, ரெண்டையும் மண்ணுக்குத் தூக்கிக் குடுத்தா. மூணாவது இது. ஆஸ்பத்திரிலேந்து வந்த அன்னிக்கே என் மடில போட்டுட்டு மொறத்துல தவுடு வாங்கிக்கினா. ‘இனிமே இது உன்து, எனக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல’ன்னா. அப்டித்தான் சொல்லணும்.”

கொஞ்ச நாளில் கூவம் ஓரத்துக் குடிசைகளை எடுத்தார்கள். ரேவதிக்கு ஊருக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு ஒன்று கிடைத்தது. கோட்டீஸ்வரி மார்க்கெட்டை விட முடியாமல் இந்த அறைக்கு வாடகைக்கு வந்தார். குழந்தைக்கு அடிக்கடி மூச்சு இழுக்கும், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்று அவரோடேயே இருந்துவிட்டது. ரேவதி தரமணியில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. வேலை முடிந்து பறக்கும் ரயில் ஏறி வருவாள். குழந்தைக்குத் தலை வாருவாள், ஊட்டுவாள், இருட்டுவதற்குள் போய்விடுவாள். குப்பு அவளை ‘ரேவதிக்கா’ என்று கூப்பிடுகிறாள்.

“ரேவதி கேட்டா குடுத்துடுவீங்களாக்கா?”

“கேட்டா குடுக்காம? அவ வவுத்துல பொறந்தது.” குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். “ஆனா அவ கேக்கல. ஏன் கேக்கலன்னு நானும் கேக்கல.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அக்கா, குழு முன்னாடி விலைக்கு வாங்கினேன்னு சொல்லிடாதீங்க. அது சட்டப்படி குத்தம். பெரிய வம்பாயிடும்” என்று சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்லலாமா கூடாதா என்று எனக்கே தெரியாது.

கோட்டீஸ்வரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாங்கலன்னு சொன்னா அப்பறம் புள்ள யார்து? அவளோது ஆயிடும். அவளோதுன்னா தங்காதே! இன்னா மேடம் நீ, படிச்சிகினு கீற, இது கூட வெளங்கலியா?”

விளங்கவில்லைதான். எழுந்து வந்துவிட்டேன்.

டீ இடைவேளை

“ஒருத்தி வித்திருக்கா. இன்னொருத்தி வாங்கினேங்கறா. உனக்கு இன்னும் என்னம்மா வேணும்?” என்றார் மனோகர் சார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். ஒரே நாளில் மூன்று இடங்களில் இருக்க வேண்டிய மனிதர். “பெத்தவ குழுவில வந்து என் குழந்தைன்னு சொல்லட்டும், கூட்டிட்டுப் போகட்டும். சொல்லலைன்னா குழந்தை இல்லத்துக்கு. நடுவுல வேற வழி கிடையாது.”

பயிற்சியில் எங்களுக்கு ஒரு படம் கொடுத்திருந்தார்கள். கட்டம் கட்டமாக இருக்கும். குழந்தைக்கு ஆபத்தா? ஆம் என்றால் இந்த அம்புக்குறி, இல்லை என்றால் அந்த அம்புக்குறி. ஆபத்து வராமல் இருப்பதற்காக விற்ற குழந்தை எந்தக் கட்டத்தில் வரும்? குப்பு வேளைக்குச் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், இருவர் மடியிலும் செல்லம். இல்லத்தில் என் கண்ணால் பார்த்த குழந்தைகள் யாருக்கும் ஒரு மடி கிடையாது. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது ஒரு அம்புக்குறி வளையுமா என்று.

தரமணிக்குப் போனேன். கண்ணாடிக் கட்டிடத்தின் பின்வாசலில், ஆபீஸ் பஸ்கள் நிற்கிற இடத்தில், ரேவதி டீ இடைவேளைக்கு வெளியே வந்தாள். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவள். ஒல்லி. சீருடையின் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தாள்.

“பாப்பாக்கு ஒண்ணும் இல்லையே மேடம்?” என்பதுதான் அவள் முதல் கேள்வி.

நான் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்குக் குழு கூடுகிறது. வர வேண்டும். வந்து, “இது என் குழந்தை” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் குடிக்க எடுத்த டீயைக் கீழே வைத்தாள்.

“அது மட்டும் சொல்ல மாட்டேன் மேடம். வேற எது வேணா கேளுங்க. ஆஸ்பத்திரி சீட்டு கீது, பொறந்த சான்று கீது, ரத்தம் கூட எடுத்துக்கங்க.”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே ரேவதி? யாருக்குத் தெரியப்போகுது?”

“மொத ரெண்டையும் வாய் நெறைய என் புள்ள, என் புள்ளன்னு கொஞ்சினேன் மேடம். ஒண்ணு தொட்டில்லயே போச்சு. இன்னொண்ணு எம் மாருமேல கெடந்தே போச்சு. இது பொறந்தப்போ நர்ஸம்மா, ‘உன் பொண்ணப் பாரு’ன்னாங்க. நான் திரும்பிக்கினேன். பாக்கவே இல்ல.” டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. “இத்தினி வருசமா நான் சொல்லல. அதான் உயிரோட கீது.”

மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்குத் தெரியும். கல்லூரியில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தப் பஸ்களுக்கு நடுவே அவள் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

“அப்போ மீட்டுடலாமே? திருப்பி வாங்கிட்டா அப்புறம் சொல்லலாம் இல்லையா?”

“நாள் பாக்கணும் மேடம். எங்க வூட்டுக்காரரு ஓசூர்ப் பக்கம் பெயின்டிங் வேலைக்குப் போய்க்கிறாரு, அவரு வரணும். கோயிலுக்குப் போவணும்.” சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். “அதுவும் இல்ல மேடம். அக்காவாண்ட எப்டி கேக்கறது? அது மூஞ்சியப் பாத்து எப்டி மேடம் கேக்கறது?”

ஒருத்தி கேட்டால் கொடுப்பாள். இன்னொருத்திக்குக் கேட்க வாய் வரவில்லை. இவளிடம் அவள் சொன்னதைச் சொல்லவா? ஒருவர் வாக்குமூலத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. நான் மென்று முழுங்கினேன். திரும்பும்போது திருமயிலையில் இறங்க வேண்டியவள், யோசனையில் இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்விட்டேன்.

ஒரு வார்த்தை

அப்போது குழு ஒரு பழைய அரசுக் கட்டிடத்தின் முதல் மாடியில் கூடும். மின்விசிறி சுற்றுகிறதா இல்லையா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தலைவி மயிலாப்பூர்க்காரர், எழுபதை நெருங்கியவர். கறாரானவர், ஆனால் குழந்தைகள் அறைக்குள் வந்தால் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ரேவதி ஒரு நாற்காலியின் நுனியில். கோட்டீஸ்வரி எதிரே, மடியில் குப்பு. குப்பு என்னைப் பார்த்ததும், “கேட்டியா மிஸ்?” என்றாள். நான் வீட்டில் கேட்க மறந்திருந்தேன்.

“ஏம்மா ரேவதி, பயப்படாதே. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்” என்று தலைவி ஆரம்பித்தார். “இது யாராத்துக் குழந்தை?”

ரேவதி தரையைப் பார்த்தாள்.

“பெத்தது நீதானே?”

“ஆமாம்மா.”

“அப்போ உன் குழந்தைதானே? வாயைத் திறந்து சொல்லேன். நீ சொன்னாத்தானே நான் எழுதிக்க முடியும்?”

“பெத்தேம்மா. அவ்ளோதான் சொல்ல முடியும்.”

தலைவி பெருமூச்சு விட்டுக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார். “நீ யாரும்மா?”

“நான் வாங்குனவ” என்றார் கோட்டீஸ்வரி.

நான் தலையில் கைவைத்துக்கொள்ளாத குறை.

“இப்படிச் சொன்னா நான் போலீஸுக்குத்தான் எழுதணும். தெரியுமோ?”

“எய்திக்கோம்மா. வாங்கலன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

நான் குறுக்கிட்டு, மேடம், இது ஒரு வழக்கம், தவிட்டுக்கு, குழந்தை தங்குவதற்காக என்று தட்டுத் தடுமாறினேன். தலைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்குத் தெரியாதா? எங்காத்துலயே பிச்சைன்னு பேர் வெச்சவர் இருந்தார். ஆனா வித்த சூட்டோட திருப்பி வாங்கிண்டுடுவா. இப்படி வருஷக்கணக்கா விட்டுவெச்சா நான் எந்தச் சட்டத்துல போய்த் தேடறது?” அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. குரலில் தெரிந்தது. “பெத்தவ என் குழந்தைன்னு சொல்ல மாட்டேங்கறா. வளர்த்தவ விலைக்கு வாங்கினேங்கறா. அப்போ குழந்தை இன்னிக்கே இல்லத்துக்குப் போகணும். யாரும் உரிமை சொல்லிண்டு வரலைன்னா, கொஞ்ச நாள்ல தத்துக் குடுக்க ஏற்பாடு ஆகும்.”

“யாருக்கு?” என்றார் கோட்டீஸ்வரி.

“யார் காத்திண்டிருக்காளோ அவாளுக்கு. வெளியூரா இருக்கலாம். வெளிநாடாவும் இருக்கலாம்.”

கோட்டீஸ்வரி குப்புவின் தலையில் முகவாயை வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு எதிரே பார்த்து, “சாப்பாடு எட்தாந்துக்கிறியா ரேவதி?” என்று கேட்டார்.

ரேவதிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவள் காலடிப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். எலுமிச்சம் சாதம்.

கோட்டீஸ்வரி குப்புவை மடியிலிருந்து இறக்கி நிறுத்தினார். எழுந்து போய் ரேவதிக்கு முன்னால் முந்தானையை விரித்து நின்றார்.

“கேளு.”

“அக்கா…”

“கேளுடி. நானா குடுத்தா செல்லாது. நீ கேட்டு வாங்கணும்.”

“நாள் பாக்கலக்கா. கோயிலு இல்லக்கா இது. தவுடு கூட இல்ல, வெறும் சோறு.”

“அரிசிக்கு மேல கீற தோலுதான தவுடு? தோலு செல்லும்னா சோறு செல்லாதா? போடு.”

ரேவதி டிபன் பாக்ஸைத் திறந்த வேகத்தில் பாதிச் சோறு தரையில் விழுந்தது. ஒரு கை அள்ளி முந்தானையில் போட்டாள். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

“எம் புள்ளய குடுத்துடுக்கா.”

சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் திரும்பிக் குப்புவைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தலைவி பார்த்தார், நோட்டோடு உட்கார்ந்திருந்த எழுத்தர் பார்த்தார். கல்லூரியில் மார்க் வாங்கிய நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். இந்தக் குழந்தை இப்போது நின்ற இடத்திலேயே விழுந்துவிடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

குப்பு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“எனக்கும் பசிக்குது” என்றாள்.

ரேவதி அவளை வாரி எடுத்துக்கொண்டு, எம் புள்ள, எம் புள்ள என்று சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எழுதிக்கோங்கோ” என்றார்.

குழந்தை தாயிடம். நான் மாதாமாதம் போய்ப் பார்த்துவர வேண்டும். விலை என்று எதுவும் கைமாறவில்லை, அதனால் போலீஸுக்கு எழுத ஒன்றுமில்லை. கடைசியில் எழுத்தர் தலையை நிமிர்த்தி, “இந்தம்மாவை என்னன்னு போடறது?” என்று கேட்டார்.

“பக்கத்து வூட்டுக்காரின்னு போடு” என்றார் கோட்டீஸ்வரி.

அவருக்கும் ரேவதிக்கும் நடுவே இப்போது பாதி ஊர் கிடந்தது. எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மாடிப்படி

படி இறங்கும்போது குப்புவுக்கு ஒரே கவலைதான். “ரேவதிக்கா, என் பேக்கு அங்க கீதே? மருந்துப் பையும் அங்கதான் கீது.”

“போய் எடுத்துக்கினு போலாம்டா” என்றாள் ரேவதி.

குப்பு திரும்பிப் பார்த்தாள். “நீ வரல?”

“நீ முன்னாடி போ. நான் வரேன்” என்றார் கோட்டீஸ்வரி. “சாவி ரேவதியாண்ட இன்னொண்ணு கீது.”

அவர்கள் ஸ்டேஷன் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்தார். ஒரு கை இன்னும் முந்தானையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்வதா? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதா? ஒரு குழந்தையை இல்லத்துக்குப் போகாமல் காப்பாற்றினோமா, இல்லை அவளுடைய வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனோமா? இவ்வளவு வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டேன். இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

“இத்த இன்னா பண்றது?” என்று கோட்டீஸ்வரி முந்தானையைப் பிரித்துக் காட்டினார். ஒரு கை மஞ்சள் சோறு, நசுங்கிப்போய். “தவுடா இருந்தா மாட்டுக்கு வெச்சிடலாம்.”

“தெரியலைக்கா.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பாதியை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். “துண்ணு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, காலைலேந்து நீ ஒண்ணும் துண்ணல.”

எனக்கு அழுகை வந்தது. பசியும் இருந்தது. தின்னலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது? தின்றேன். வேர்க்கடலைகூட வாயில் தட்டுப்பட்டது. அவரும் தன் பங்கை மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார்.

“உப்பு பத்தல” என்றார். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். “உப்பு இல்லன்னா குப்பு துண்ணாது, தட்ட அப்டியே வெச்சிட்டுப் பூடும். ரேவதிக்கு அது தெரியாது. நீ அங்க போவல்ல, சொல்லிடு.”

முதல் முறை பெரும்பாக்கம் போனபோது, கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு பக்கம் நிறைய இருந்தன. ரேவதி கதவைத் திறந்ததும் உப்பு விஷயத்தைத்தான் முதலில் சொன்னேன்.